பிரதிநிதிக் கணக்கா, வாக்குக் கணக்கா: 2008 ஒபாமா–கிளின்டன் போட்டியும் நம் ஊர்க் கட்சி மாநாடுகளும்

கேள்வி: சாட்ஸ்வர்த் வாசகி

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை பகல் உணவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் தொடங்கிய ஒரு வாதம் இன்னும் ஓயவில்லை. அதை இங்கே கேட்டுத் தெளிந்துகொள்ள விரும்புகிறேன். 2008ஆம் ஆண்டு அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் ஹிலாரி கிளின்டனுக்கே மக்கள் அதிக வாக்குகளை அளித்தார்கள் என்றும், ஆனால் கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்யும் பிரதிநிதிகளின் கணக்கைக் காட்டி வேட்பாளர் இடத்தைப் பராக் ஒபாமாவுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றும் என் அண்ணன் உறுதியாகச் சொல்கிறார். ஒபாமா முறையாகவே வென்றார் என்று நான் இத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்தேன். இரண்டில் எது உண்மை?

அண்ணன் அத்துடன் நிறுத்தவில்லை. அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்கள் வாக்களித்த பிறகும் பிரதிநிதிகள்தான் முடிவு செய்கிறார்கள் என்றால், நம் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டை நாம் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்டார். 2017 டிசம்பரில் நாஸ்ரெக் மாநாட்டில் சிரில் ராமபோசா 2,440 வாக்குகளும் என்கொசாசானா டிலாமினி-சூமா 2,261 வாக்குகளும் பெற்றார்கள். வித்தியாசம் 179தான். 90 பேரின் கை வேறு பக்கம் போயிருந்தால் நாட்டின் தலைமை எப்படி அமைந்திருக்கும் என்று அன்றிரவு எங்கள் தெருவில் பேசாதவர்கள் இல்லை. நம்மில் ஒருவருக்கும் அதில் வாக்கு இருக்கவில்லை. 2027ஆம் ஆண்டு மாநாட்டைப் பற்றிய பேச்சு இப்போதே தொடங்கிவிட்டதால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் வரலாற்றுக் கேள்வியாகத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘பிரதிநிதி’ என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஆயா முகத்தைத் திருப்பிக்கொள்வார். 1984 ஆகஸ்டில், நிறவெறி ஆட்சிக் காலத்தில், இந்திய வம்சாவளியினரான நம்மவர்களுக்கென்று தனியாக ஏற்படுத்தப்பட்ட பிரதிநிதிகள் அவைக்குத் தேர்தல் நடந்தபோது, பதிவு செய்த வாக்காளர்களில் ஏறத்தாழ 20 சதவீதத்தினரே வாக்களித்தார்கள். ஆயாவும் தாத்தாவும் அன்று வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நம்மைக் கேட்காமல் நம் பெயரில் பேசுபவர்தான் பிரதிநிதி என்பது அந்தத் தலைமுறை கற்றுக்கொண்ட பொருள். ஆகவே பிரதிநிதிக் கணக்கு எப்போது நியாயமானது, எப்போது நியாயமற்றது என்பதை அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

மறுமொழி 1: பீட்டர்மாரிட்ஸ்பர்க் கணக்காசிரியர் (பணி ஓய்வு)

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் அண்ணன் சொல்வதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அவர் கூட்டிய கூட்டலில் எந்தெந்த எண்கள் சேர்ந்தன என்று கேட்டாலே விடையில் பாதி வந்துவிடும்.

முதலில் மிச்சிகன் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். கட்சி வகுத்த கால அட்டவணையை மீறி அந்த மாநிலம் 2008 ஜனவரி 15 அன்று, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தன் முதல்நிலைத் தேர்தலை நடத்தியது. அதற்குத் தண்டனையாக அதன் பிரதிநிதிகள் எவரும் மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டார்கள் என்று கட்சி முன்கூட்டியே அறிவித்திருந்தது. ஒபாமா உள்ளிட்ட சிலர் தங்கள் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து விலக்கிக்கொண்டார்கள், கிளின்டன் விலக்கிக்கொள்ளவில்லை. அவருக்கு ஏறத்தாழ 3,28,000 வாக்குகள் கிடைத்தன. ‘எவருக்கும் உறுதி அளிக்கவில்லை’ என்ற கட்டத்தில் ஏறத்தாழ 2,38,000 பேர் குறியிட்டார்கள். ஒபாமாவின் பெயரே சீட்டில் இல்லாததால் அவர் கணக்கில் பூஜ்யம் எழுதப்பட்டது. ஃபுளோரிடாவும் அட்டவணையை மீறிய மாநிலம்தான். அங்கே எல்லாப் பெயர்களும் சீட்டில் இருந்தன, ஆனால் வேட்பாளர்கள் யாரும் அங்கே பிரசாரம் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

இனிக் கூட்டிப் பார்ப்போம். ஃபுளோரிடாவைச் சேர்த்து மிச்சிகனை விட்டுவிட்டால், இருவரும் தலா ஏறத்தாழ 1 கோடியே 75 லட்சம் வாக்குகள் பெற்று, ஒபாமா சுமார் 40,000 வாக்குகள் முன்னே நிற்கிறார். மிச்சிகனை உள்ளபடியே சேர்த்தால் கிளின்டன் 2,86,000க்கும் மேற்பட்ட வாக்குகளில் முந்துகிறார். உறுதி அளிக்காத மிச்சிகன் வாக்குகளை ஒபாமாவுக்குக் கொடுத்தால் கிளின்டனின் முன்னிலை 50,000க்கும் கீழே சுருங்குகிறது. அதன்மேல் அயோவா, நெவாடா, மெய்ன், வாஷிங்டன் ஆகிய நான்கு மாநிலங்களையும் சேர்க்க வேண்டும். அவை ‘காக்கஸ்’ எனப்படும் கூட்டங்களின் வழியாகத் தேர்ந்தெடுத்தவை என்பதாலும், ஒவ்வொருவருக்கும் எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்ற தலைக்கணக்கை வெளியிடவில்லை என்பதாலும், அவற்றுக்கு மதிப்பீடுதான் உண்டு. அந்த மதிப்பீட்டைச் சேர்த்தால் மீண்டும் ஒபாமா சுமார் 60,000 வாக்குகளில் முன்னே வந்துவிடுகிறார். ஒரே போட்டிக்கு நான்கு கூட்டல்கள், நான்குக்கும் வேறு வேறு விடைகள். உங்கள் அண்ணன் இரண்டாவது கூட்டலைச் சொல்கிறார், நீங்கள் நான்காவதைச் சொல்கிறீர்கள்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தியவன். வேறு வேறு அலகில் அளந்தவற்றைக் கூட்டக்கூடாது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே சொல்லித் தருகிறோம். நாள் முழுவதும் திறந்திருக்கும் சாவடியில் ஒரு நிமிடத்தில் போடும் வாக்கும், குளிர்கால மாலையில் குறித்த நேரத்தில் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து ஓரிரு மணி நேரம் இருந்து தெரிவிக்கும் விருப்பமும் ஒரே அலகு ஆகா. அமெரிக்கக் கட்சிகள் தங்கள் வேட்பாளரை ஒரே நாளில், ஒரே முறையில் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் நாளும் முறையும் வாக்களிக்கத் தகுதியும் வேறுபடுகின்றன. இப்படிப் பலவகை அளவுகளையும் பொதுவான ஒன்றாக மாற்றித் தருவதற்காகத்தான் பிரதிநிதிக் கணக்கு என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த மாற்று விகிதம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் அண்ணனின் கோபத்துக்கு உரிய இடம் இதுதான். 2008 பிப்ரவரி 5 அன்று நியூ ஜெர்சியில் கிளின்டன் ஒபாமாவை விட 1,12,000க்கும் அதிகமான வாக்குகள் பெற்று 59க்கு 48 என்று பிரதிநிதிகளைப் பெற்றார். அவருக்குக் கிடைத்த முன்னிலை 11. அதே நாளில் ஐடஹோ மாநிலத்தில் மொத்தமே ஏறத்தாழ 21,000 பேர் கூடிய காக்கஸ்களில் ஒபாமா 15க்கு 3 என்று வென்றார். அவருக்குக் கிடைத்த முன்னிலை 12. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தை வெறும் 13,000 வாக்கு வித்தியாசம் ஈடுகட்டி, ஒன்று கூடுதலாகவும் தந்துவிட்டது.

இதற்குள் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அந்தக் கட்சி ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதிக்கும் சில பிரதிநிதிகளை ஒதுக்கி, வாக்கு விகிதப்படி பகிர்ந்தளிக்கிறது. மூன்று பிரதிநிதிகள் உள்ள தொகுதியில் 51 சதவீதம் பெற்றவருக்கு இரண்டும் தோற்றவருக்கு ஒன்றும் கிடைக்கும். நான்கு பிரதிநிதிகள் உள்ள தொகுதியில் 60 சதவீதம் பெற்றாலும் இரண்டுக்கு இரண்டுதான். மூன்றாவது பிரதிநிதி கைக்கு வர 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். ஒற்றைப்படை எண் உள்ள தொகுதியில் சிறு வெற்றி பலன் தருகிறது, இரட்டைப்படையில் பெரிய வெற்றியும் வீணாகிறது. ஒபாமாவின் குழுவினர் இந்த அட்டவணையைத் தொகுதி தொகுதியாகப் படித்து, ஆட்களையும் பணத்தையும் அதற்கேற்ப அனுப்பினார்கள். காக்கஸ் மாநிலங்களைக் கிளின்டன் தரப்பு ஏறக்குறைய விட்டுக்கொடுத்தது. விதிகள் போட்டிக்கு முன்பே எழுதப்பட்டு இருவருக்கும் தெரிந்தவையாக இருந்ததால், இதைத் திருட்டு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

டெக்சாஸ் இதைவிட விசித்திரமானது. மார்ச் 4 அன்று பகலில் வாக்குப்பதிவு நடந்தது, சாவடி மூடிய பிறகு அதே இடங்களில் காக்கஸ் கூடியது. பகல் வாக்கில் கிளின்டன் ஏறத்தாழ ஒரு லட்சம் வாக்குகள் முந்தி 65க்கு 61 என்று பெற்றார். இரவுக் கூட்டங்களின் வழியாக ஒபாமா 38க்கு 29 என்று பெற்றார். முடிவில் 99க்கு 94 என்று டெக்சாஸ் ஒபாமாவின் பக்கம் சாய்ந்தது. செய்தித்தாள்கள் கிளின்டன் வென்றதாக அச்சிட்ட மாநிலம் அது.

மறுமொழி 2: லெனேசியா செவிலியர்

ஆசிரியர் ஐயாவின் கணக்கை மதிக்கிறேன். ஆனால் ‘விதி முன்பே தெரியும்’ என்ற இடத்தில் அவரோடு உடன்பட முடியவில்லை. வேட்பாளர்களுக்கு விதி தெரிந்திருந்தது என்பது சரி. வாக்காளருக்கு அதனால் என்ன பயன்?

நான் மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவள். மாலை ஏழு மணிக்கு ஒரு மண்டபத்தில் கூடி இரண்டு மணி நேரம் இருந்தால்தான் என் விருப்பம் எண்ணப்படும் என்று ஒரு கட்சி சொன்னால், என்னையும் என்னைப் போன்ற காவலாளியையும், கைக்குழந்தையை வைத்திருப்பவளையும், படி ஏற முடியாத முதியவரையும் அது முதலிலேயே நீக்கிவிடுகிறது. 2008இல் வாஷிங்டன் மாநிலத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. பிப்ரவரி 9 அன்று அங்கே நடந்த காக்கஸ்களில் ஒபாமா மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு பெற்றார். பத்து நாள் கழித்து அதே மாநிலத்தில் சாதாரண வாக்குப்பதிவும் நடந்தது, அதன் முடிவுக்குப் பிரதிநிதிகள் எவரும் ஒதுக்கப்படவில்லை. இரு மடங்குக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்த அந்தத் தேர்தலில் ஒபாமா 51 சதவீதமும் கிளின்டன் 46 சதவீதமும் பெற்றார்கள். அதே மாநிலம், அதே இருவர், இடையில் பத்தே நாள். கதவு அகலமாகத் திறந்தபோது இடைவெளி ஐந்து சதவீதமாகக் குறைந்துவிட்டது. எண்ணிக்கையில் சேர்ந்ததோ குறுகிய கதவு வழியாக வந்தவர்களின் விருப்பம்.

ஆகவே வாக்குகளைக் கூட்ட முடியாது என்ற காரணத்துக்காக அவற்றுக்கு மதிப்பே இல்லை என்று ஆகிவிடக்கூடாது. கூட்ட முடியாதபடி முறையை வைத்திருந்ததே குறை. அந்தக் குறையைக் கட்சியும் உணர்ந்திருக்க வேண்டும், ஏனெனில் பின்வந்த ஆண்டுகளில் பல மாநிலங்கள் காக்கஸைக் கைவிட்டு வாக்குச்சாவடிக்கு மாறிவிட்டன.

மறுமொழி 3: டொங்காட் முன்னாள் கிளைச் செயலாளர்

வணக்கம். அமெரிக்கக் கணக்கை மற்றவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். சகோதரி கேட்ட இரண்டாவது கேள்விக்கு, அதாவது நம் ஊர் முறையைப் பற்றி, நான் பதில் சொல்ல முயல்கிறேன்.

தமிழில் தூது போகிறவரைப் பழைய உரையாசிரியர்கள் இரண்டு வகையாகப் பிரித்தார்கள். சூழலைப் பார்த்துத் தானே எண்ணிப் பேசுகிறவர் ‘தான் வகுத்துக் கூறுவான்’. சொல்லி அனுப்பியதை மட்டும் அப்படியே சொல்லித் திரும்புகிறவர் ‘கூறியது கூறுவான்’. கட்சிப் பிரதிநிதி இவர்களில் யார் என்று கேட்டுப் பாருங்கள். 2008இல் அமெரிக்க மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் பெரும்பாலும் கூறியது கூறுவோர். அவர்கள் யாருக்கு உறுதி அளித்தார்கள் என்பது ஊருக்கே தெரியும், மாநாட்டில் மாநிலம் மாநிலமாகப் பெயர் சொல்லி எண்ணிக்கை அறிவிக்கப்படுகிறது. மாற்றிப் போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள்.

ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸில் நிலைமை வேறு. மாநாட்டில் வாக்களிப்பவர்களில் குறைந்தது 90 சதவீதத்தினர் கிளைகள் அனுப்பியவர்களாக இருக்க வேண்டும் என்று அதன் அமைப்பு விதி சொல்கிறது. கிளை என்று கருதப்பட 100 உறுப்பினர்களாவது தேவை. உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வந்திருக்கும் பொதுக்கூட்டத்தில்தான் வேட்பாளரை முன்மொழியவும் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கவும் முடியும். கேட்பதற்கு மிக நல்ல ஏற்பாடு, நானும் அப்படித்தான் நம்பி அதில் ஈடுபட்டேன். ஆனால் அந்தப் பிரதிநிதி மாநாட்டுக்குப் போன பிறகு இரகசியச் சீட்டில் வாக்களிக்கிறார். கிளை யாரை முன்மொழிந்தது என்பது பதிவில் இருக்கிறது, அவர் யாருக்குப் போட்டார் என்பது எங்கும் இல்லை. கூறியது கூறச் சென்றவர் மண்டபத்துக்குள் நுழைந்ததும் தான் வகுத்துக் கூறுகிறவர் ஆகிவிடலாம், அதை அறிய அனுப்பியவர்களுக்கு வழி கிடையாது.

இரகசியச் சீட்டு தவறு என்று நான் சொல்லவில்லை. மிரட்டலிலிருந்தும் பணத்திலிருந்தும் பிரதிநிதியைக் காப்பதும் அதே சீட்டுதான். இரண்டு நன்மைகள் ஒன்றோடொன்று மோதும் இடம் இது, எனக்கு எளிய விடை தெரிந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

மிச்சிகனில் ‘உறுதி அளிக்கவில்லை’ என்று குறியிட்டவர்களைப் பற்றி ஆசிரியர் எழுதியதைப் படித்ததும் 2017இல் இம்புமலாங்கா மாகாணம் நினைவுக்கு வந்தது. அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட கிளைகள் வேட்பாளர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘ஒற்றுமை’ என்று எழுதி அனுப்பின. இரண்டும் மேலோட்டமாக ஒன்று போலத் தோன்றினாலும் வேர் வேறு. மிச்சிகனில் தங்கள் வேட்பாளரின் பெயர் சீட்டில் இல்லாததால் மக்கள் வேறு வழியின்றி அந்தக் கட்டத்துக்குப் போனார்கள். இம்புமலாங்காவில் இரு பெயர்களும் இருந்தன, அந்த மாகாணத் தலைவரான டேவிட் மபூசா வாக்குகளைப் பிடியில் வைத்துக்கொண்டு கடைசி நேரம் வரை இரு தரப்போடும் பேச அந்தச் சொல் இடம் கொடுத்தது. அவர் அந்த மாநாட்டில் 2,538 வாக்குகள் பெற்றுத் துணைத் தலைவர் ஆனார். அந்தக் கிளைகளின் உறுப்பினர்கள் நாட்டின் தலைமை குறித்து என்ன நினைத்தார்கள் என்பதற்கு ‘ஒற்றுமை’ என்ற ஒரு சொல்லைத் தவிரப் பதிவே இல்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

அதே மாநாட்டில் பொதுச் செயலாளர் பதவிக்கு ஏஸ் மகாஷுலே 2,360 வாக்குகளும் சென்சோ இம்ச்சுனு 2,336 வாக்குகளும் பெற்றார்கள், வித்தியாசம் 24. தகுதி குறித்த சர்ச்சையால் எண்ணப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்ட வாக்குகள் 68. வித்தியாசத்தைவிட ஒதுக்கப்பட்டவை அதிகம். 68 பேர் என்றால் ஒரு சிறு கல்யாணப் பந்தியில் உட்காருகிற கூட்டம். கோடிக்கணக்கானவர்கள் வாக்களிக்கும் போட்டியில் 68 வாக்குகள் கண்ணில் படாது. நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாக்களிக்கும் போட்டியில் அவை ஒரு கட்சியின் போக்கையே மாற்றக்கூடும்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் எழுதுகிறேன். கட்சியையும் ஊரையும் குறிப்பிட எனக்கு விருப்பமில்லை. நான் செயலாளராக இருந்த கிளையில் ஒரு மாநாட்டுக்கு முன்னால் உறுப்பினர் எண்ணிக்கை திடீரென்று ஏறத்தாழ இரு மடங்கானது. புதியவர்களின் சந்தாவை ஒரே ஆள் கட்டியிருந்தார். கூட்டத்துக்கு அவர்களைச் சிற்றுந்துகளில் அழைத்து வந்தார்கள். பலருக்கு என்ன கூட்டம் என்பதே தெரியாது. நான் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தேன், அதற்குப் பதில் வரவில்லை, கூட்டம் செல்லும் என்று ஏற்கப்பட்டது. அதன் பிறகு நான் பதவியிலிருந்து விலகினேன். மாநாட்டில் எங்கள் கிளையின் வாக்கு ஒரு நேர்மையான வாக்காக எண்ணப்பட்டது, அதன் அடியில் இருந்ததை எவரும் பார்க்கவில்லை. சகோதரியின் அண்ணன் கேட்டதற்கு என் விடை இதுதான்: இரண்டு நாட்டிலும் பிரதிநிதிகள் முடிவு செய்கிறார்கள் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஐடஹோவில் 21,000 பேர் வந்தார்கள் என்பதையும் நியூ ஜெர்சியில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் யாரும் எடுத்துப் பார்த்து, இது நியாயமா என்று வாதிடலாம். இங்கே வாதிடுவதற்கு எண் கிடையாது.

சாட்ஸ்வர்த் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். மிச்சிகனில் ஒபாமாவின் பெயரே சீட்டில் இல்லை என்பது அவருக்குத் தெரியாதாம், அதைக் கேட்டதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு செவிலியர் அக்கா எழுதியது தன் பக்கம்தான் என்று சொல்லி மீண்டும் தொடங்கிவிட்டார்.

டொங்காட் ஐயா, உங்கள் அனுபவத்தைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. எழுதியதற்கு நன்றி.

ஒரு ஐயம் மட்டும் மிச்சம் இருக்கிறது. அண்ணன் ‘சூப்பர் டெலிகேட்’ என்று ஒரு வகையினரைச் சொல்கிறார். மக்கள் தேர்ந்தெடுக்காத அவர்கள்தான் கடைசியில் ஒபாமாவைக் கரையேற்றினார்கள் என்கிறார். அப்படியானால் அவர்கள் முற்றிலும் தான் வகுத்துக் கூறுவோர் அல்லவா? ஃபுளோரிடாவுக்கும் மிச்சிகனுக்கும் கடைசியில் என்ன முடிவு செய்தார்கள்?

மறுமொழி 4: பீட்டர்மாரிட்ஸ்பர்க் கணக்காசிரியர் (பணி ஓய்வு)

சகோதரிக்கு, இரண்டாவதை முதலில் சொல்கிறேன். 2008 மே 31 அன்று கட்சியின் விதிக்குழு கூடி, இரு மாநிலங்களின் பிரதிநிதிகளையும் ஏற்றுக்கொண்டு ஆளுக்கு அரை வாக்கு என்று தீர்ப்பளித்தது. மிச்சிகனில் கிளின்டனுக்கு 69, ஒபாமாவுக்கு 59 என்று பிரித்தார்கள். பெயரே இல்லாத சீட்டிலிருந்து 59 பேரை எந்தக் கணக்கில் எடுத்தார்கள் என்று கிளின்டன் தரப்பினர் கேட்டது நியாயமான கேள்விதான். எந்தப் பள்ளித் தேர்விலும் அந்தக் கணக்குக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன். அது ஒரு சமரசம். அந்த முடிவுக்குப் பிறகு வெற்றிக்குத் தேவையான எண்ணிக்கை 2,118 ஆயிற்று. ஜூன் 3 அன்று ஒபாமா அதைத் தாண்டினார். ஜூன் 7 அன்று கிளின்டன் தம் போட்டியை நிறுத்திக்கொண்டார்.

சூப்பர் டெலிகேட்டுகள் அந்தக் கட்சியைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள், மாநில ஆளுநர்கள், கட்சியின் தேசியக் குழுவினர், முன்னாள் தலைவர்கள் ஆகியோர். அன்று அவர்கள் 800க்கும் மேற்பட்டவர்கள், மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இவர்கள் ஏன் வந்தார்கள் என்பதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 1968இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி எந்த முதல்நிலைத் தேர்தலிலும் களமிறங்காமலேயே சிக்காகோ மாநாட்டில் வேட்பாளர் ஆனார். மண்டபத்துக்கு வெளியே தெருக்களில் இரத்தம் சிந்தியது. அதன் பிறகு கட்சி விதிகளைத் திருத்தி வேட்பாளர் தேர்வைப் பெருமளவு வாக்காளர் கைக்கு மாற்றியது. 1972, 1980 ஆண்டுகளின் பெருந்தோல்விகளுக்குப் பிறகு, அனுபவசாலிகளுக்கும் ஓரளவு சொல் இருக்க வேண்டும் என்று கருதி 1984 தேர்தலிலிருந்து இந்த வகையினரைச் சேர்த்தார்கள். ஆகவே, ஆம், அவர்கள் தான் வகுத்துக் கூறுவதற்கென்றே வைக்கப்பட்டவர்கள்.

அவர்கள் ஒபாமாவைக் கரையேற்றினார்களா என்றால், அவர்கள் இல்லாமல் இருவரில் எவரும் 2,118ஐ எட்டியிருக்க முடியாது. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளில் ஒபாமா நூற்றுக்கும் மேற்பட்டவர்களால் முன்னே இருந்தார், சூப்பர் டெலிகேட்டுகளின் பெரும்பான்மை அந்த முன்னிலையை உறுதி செய்தது. தொடக்கத்தில் அவர்களில் அதிகமானவர்கள் கிளின்டனோடு இருந்தவர்கள் என்பதை அண்ணனிடம் சொல்லுங்கள். 2016இல் அதே கட்சியின் வேட்பாளர் இடத்துக்குப் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் இதே முறையைக் கடுமையாக எதிர்த்ததன் விளைவாக, 2018இல் விதி மாறியது. முடிவு ஏற்கெனவே உறுதியாகாத நிலையில், முதல் சுற்று வாக்கெடுப்பில் அவர்களுக்கு இப்போது வாக்கு இல்லை.

செவிலியர் அம்மா எழுதியதை மறுபடி படித்தேன். கூட்ட முடியாதபடி முறையை வைத்திருந்ததே குறை என்ற அவருடைய வாக்கியத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. முதல் மறுமொழியில் நான் வேட்பாளர்களின் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்துவிட்டேன்.

டொங்காட் நண்பரின் பிரிவோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கூறியது கூறுவோரும் சில வேளை தான் வகுத்துக் கூற நேரிடும். 2024 ஜூலை 21 அன்று ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகியபோது, அவருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான பிரதிநிதிகளுக்குச் சொல்லி அனுப்பிய செய்தியே இல்லாமல் போயிற்று. ஆகஸ்ட் தொடக்கத்தில் இணையவழியாக அவர்கள் கமலா ஹாரிசை வேட்பாளர் ஆக்கினார்கள். அந்த ஆண்டின் முதல்நிலைத் தேர்தல்களில் அவர் வேட்பாளராகப் போட்டியிட்டிருக்கவில்லை. அவருடைய தாயார் தமிழ்நாட்டுக் குடும்பத்தவர் என்பதால் நம் வீடுகளில் அன்று மகிழ்ச்சி இருந்தது, எனக்கும் இருந்தது. ஆயினும் வாக்காளர்கள் வேறொருவருக்காக அனுப்பிய பிரதிநிதிகள்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அண்ணனிடம் மறைக்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதையும் எடுத்துக்கொண்டு வருவார், அப்போது ஐடஹோ கணக்கைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.